‘டேபிள் இல்லை’ என்றால் உண்மையிலேயே இல்லையா?

புதுச்சேரிக்குப் புதிதாக வருகிறவர் “கூபேர் சாலை எங்கே?” என்று கேட்டால் சிலர் கொஞ்சம் யோசிப்பார்கள். “பீச் ரோடு” என்றால் உடனே கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். சாலை ஒன்றுதான், பேர்தான் இரண்டு. டேட்டாபேஸுக்கு இப்படி அனுசரித்துப் போகத் தெரியாது. கேட்ட பேரில், கேட்ட இடத்தில் இல்லையென்றால் ‘இல்லை’ என்று சொல்லிவிடும். அவ்வளவுதான்.

எங்கள் ஊர் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பழைய விண்டோஸ் கணினியிலிருந்த பில்லிங் மென்பொருளை லினக்ஸ் சர்வருக்கு மாற்றினார்கள். மறுநாள் ஸ்டாக் பக்கத்தைத் திறந்ததும் ‘பிழை 1146, டேபிள் இல்லை’ என்று வந்தது. முதலாளி பதறிப்போய், “தம்பி, மூணு வருஷக் கணக்கு போயிடுச்சாப்பா?” என்று போன் செய்தார். பயம் நியாயமானது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். மென்பொருள்காரரோ “அதே பேர்ல புதுசா ஒரு டேபிள் போட்டுடறேன் சார், எர்ரர் போயிடும்” என்று தயாராக இருந்தார். நான் முதலில் செய்தது அதை நிறுத்தச் சொன்னதுதான்.

ஏன் என்றால், காலி டேபிள் போட்டால் எர்ரர் போகும், கணக்கு வராது. அன்றைய புது பில்கள் அந்தக் காலி டேபிளில் ஏற ஆரம்பித்துவிட்டால், பிறகு பழையதையும் புதியதையும் சேர்ப்பது பெரிய தலைவலி.

இந்தப் பிழைக்குப் பின்னால் பொதுவாக ஐந்து காரணங்கள் இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பேர் பொருந்தவில்லை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது, ஆங்கிலத்தில் உண்டு. விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் டேபிள் பேர்களை எல்லாம் சின்ன எழுத்தாக்கி வைத்துக்கொள்ளும், தேடும்போதும் பேதம் பார்க்காது. லினக்ஸில் பேதம் பார்க்கும். மென்பொருள் பெரிய எழுத்தில் கேட்டால், சின்ன எழுத்தில் இருக்கும் டேபிள் அதன் கண்ணில் படாது. இதற்கான செட்டிங்கை மைஎஸ்க்யூஎல் 8-ல் சர்வரை முதன்முதலில் தயார் செய்யும்போது மட்டுமே வைக்க முடியும், பிறகு மாற்ற முடியாது. நம்ம கடைக்கதை இதுதான். டேபிள்களின் பேரை மென்பொருள் கேட்கும்படி மாற்றியதும் மூன்று வருஷக் கணக்கும் அப்படியே வந்துவிட்டது.

2. இடம் தவறு. வேறு டேட்டாபேஸிலோ வேறு ஸ்கீமாவிலோ தேடிக்கொண்டிருக்கலாம். பிழைச் செய்தியில் புள்ளிக்கு முன்னால் இருக்கும் பேரைப் படியுங்கள். அது டெஸ்ட் டேட்டாபேஸாக இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

3. அனுமதி இல்லை. ஆரக்கிளில் 942 என்ற பிழை ‘டேபிள் அல்லது வியூ இல்லை’ என்று சொல்லும். டேபிள் இருந்து, உங்கள் யூசருக்குப் பார்க்க உரிமை இல்லாவிட்டாலும் அதே செய்திதான் வரும். அதனால் அட்மின் யூசராக நுழைந்து ஒருமுறை பாருங்கள்.

4. இன்னும் உருவாகவில்லை. இஆர்பிநெக்ஸ்ட் போன்றவற்றில் புது வெர்ஷனின் கோட் வந்துவிடும், அதற்கேற்ற டேபிள்கள் ‘மைக்ரேட்’ கட்டளை ஓடினால்தான் உருவாகும். அது பாதியில் நின்றிருந்தால் 1146 வரும். 14-ஆம் வெர்ஷனில் சம்பளப் பிரிவையும் இந்திய ஜிஎஸ்டி பகுதியையும் தனித்தனி ஆப்பாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் பழையதிலிருந்து மாறுகிறவர்கள் அந்த ஆப்கள் நிறுவப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இன்னொன்று: அதில் ‘சிங்கிள்’ வகை செட்டிங் பக்கங்களுக்குத் தனி டேபிளே கிடையாது, எல்லாம் ஒரே பொது டேபிளில்தான் இருக்கும். தேடிக் கிடைக்கவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

5. உண்மையிலேயே போய்விட்டது. யாரோ அழித்திருக்கலாம், அல்லது டேட்டாபேஸ் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்து கொண்டுவந்திருக்கலாம். பழைய மைஎஸ்க்யூஎல் 5 வெர்ஷன்களில் இந்த இரண்டாவது வகை ரொம்பக் குழப்பும். பட்டியலில் டேபிள் பேர் தெரியும், திறந்தால் ‘இல்லை’ என்று வரும். காரணம், அந்த ஃபோல்டருக்கு வெளியே இருக்கும் பொதுக் கோப்பிலும் அந்த டேபிளைப் பற்றிய விவரம் இருக்கிறது. அது கூட வரவில்லை.

முதல் நான்கிலும் டேட்டா பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். ஐந்தாவதில் மட்டும்தான் பேக்கப் தேவை. மைஎஸ்க்யூஎல்லில் டேபிளை அழித்தால் ‘ரோல்பேக்’ செய்ய முடியாது. பேக்கப்பை ஏற்றி, பைனரி லாக் இருந்தால் அழித்த நொடிக்கு முன்புவரை நடந்ததை மறுபடி ஓட்டலாம்.

ஆகவே வரிசை இது: பில் போடுவதை நிறுத்துங்கள். இப்போது இருக்கிற நிலையை அப்படியே ஒரு காப்பி எடுங்கள். பிழைச் செய்தியை முழுசாகப் படியுங்கள். பிறகு பேர், இடம், அனுமதி, வெர்ஷன் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பேக்கப்பை ஏற்றுவது கடைசியில்.

பேக்கப் இருக்கிறது என்கிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: அதை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால், இந்த மாதம் ரிட்டர்ன் போட்டு முடித்த கையோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.