கண்ணாடி துடைக்க ஏணி ஏறுகிறீர்களா?

பாலிங் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த வாசகர்களே, உங்கள் குடும்பத்தில் இன்று எத்தனை பேர் பால்மரம் சீவுகிறார்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாம், அல்லவா? 1974 நவம்பரில் ரப்பர் விலை விழுந்து, சிறுதோட்டக்காரர்கள் பாலிங்கில் திரண்டு குரல் கொடுத்ததைக் கண்ட பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அதன்பின் எத்தனையோ தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பிள்ளைகள் பட்டணத்துக்கு வேலை தேடிப் போனார்கள். அப்படிப் போனவர்களில் துப்புரவுக் குத்தகை வேலையில் சேர்ந்தவர்களும் உண்டு. கடை, பள்ளிக்கூடம், அலுவலகம் என்று இடத்துக்கு இடம் போய்த் தரை கழுவுவார்கள், ஜன்னலும் துடைப்பார்கள். தரை கழுவும்போது வழுக்கினால் முழங்கால் வீங்கும். இரண்டாம் மாடி ஜன்னலைத் துடைக்கும்போது வழுக்கினால் என்ன ஆகும்? அதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

ஏணி நமக்குப் புதிதல்ல. அடிப்பட்டை தீர்ந்த முதிய மரங்களில் மேல்பட்டையைச் சீவ அந்நாளில் ஏணிதான் துணை. மரத்தில் சாத்தி, ஏறி, சீவி, இறங்கி, ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகவேண்டும். நம் தாய்மார்களும் இந்த வேலையைச் செய்தவர்களே. 1925இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், நீண்ட பிடி போட்ட உளியால் தரையில் நின்றபடியே மேல்நோக்கிச் சீவும் முறையைப் பின்னாளில் பரப்பியது. ஏறுகிற வேலை போயிற்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; ஜன்னல் துடைக்கும் தொழிலிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது.

அடுக்கு ஏணி என்பது என்ன?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஜன்னல் துடைப்போர் நெடுங்காலமாகக் கையாண்ட ஏணி ஒன்று உண்டு. முழு ஏணியாக இராமல் ஏறக்குறைய ஆறடி நீளமுள்ள துண்டுகளாக இருக்கும். அடித்துண்டு அகலமானது. நடுத்துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று செருகிக்கொள்ளும். தலைத்துண்டு மட்டும் மேலே போகப்போகக் குறுகிக் கூம்பாக முடியும். அந்த நுனியில் மெத்தென்று உறை போட்டிருப்பார்கள். ஜன்னல் சட்டத்தின் நடுக்கட்டையிலோ இரண்டு ஜன்னலுக்கு இடையே உள்ள ஒடுங்கிய சுவரிலோ அந்தக் கூம்பைச் சாத்தினால், இருபுறமும் கண்ணாடிக்குக் கை எட்டும். குறுகலான மாடிப்படியிலும் தூக்கிப் போகலாம், சின்ன வண்டியிலும் போட்டுக்கொள்ளலாம். கெட்டிக்காரன் செய்த சாமான்தான், சந்தேகமில்லை.

ஆனால் அதன் உயிர் இருப்பது இணைப்பில். மேல்துண்டின் கால்கள் கீழ்த்துண்டின் தலையில் முழுவதும் இறங்கி உட்காரவேண்டும். அரை விரற்கடை தூக்கி நின்றாலும், ஆள் ஏறியதும் அது 'டொக்' என்று இறங்கும். அந்த அதிர்ச்சி போதும் பிடி நழுவ. ஒரு கம்பெனி செய்த துண்டை இன்னொரு கம்பெனித் துண்டில் செருகுவது கூடவே கூடாது; பார்வைக்குப் பொருந்தினாலும் அளவு மாறியிருக்கும். தயாரித்தவர் இத்தனை துண்டுதான் என்று சொல்லியிருந்தால் அதற்குமேல் ஒன்றைக் கூட்டலாகாது. தலைத்துண்டு ஒரே புள்ளியில் சாய்ந்து நிற்பதால் ஏறுகிறவர் பக்கவாட்டில் எட்டினால் ஏணியே உருளப் பார்க்கும். இடுப்பு எப்போதும் ஏணியின் இரண்டு காலுக்கு நடுவில் இருக்கட்டும். மூலைக்கு எட்டவில்லையா? இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறுங்கள். நேரம் போகிறதே என்று மேற்பார்வையாளர் முணுமுணுக்கலாம். முணுமுணுக்கட்டுமே!

நம் பக்கத்தில் அதிகமாகப் புழங்குவது இழுத்து நீட்டும் ஏணியும் மடக்கு ஏணியும்தாம். அவற்றில் உயரம் போதாதபோது இரண்டு ஏணியைக் கயிற்றாலோ கம்பியாலோ சேர்த்துக் கட்டி ஏறும் துணிச்சல் இருக்கிறதே, அதற்கு அடுக்கு ஏணி என்ற பெயர் பொருந்தாது. அடுக்குவதற்கென்றே செய்த ஏணி வேறு, நாமாகக் கட்டிக்கொண்ட ஏணி வேறு. கட்டு தளர்வதை மேலே நிற்பவர் பார்க்க முடியாது.

பாலிங் கடைத்தெருவில் ஒரு சங்கடம்

நாலுக்கு ஒன்று என்பது ஏணி சாத்துவதில் உலகெங்கும் சொல்லும் கணக்கு. ஏணி சுவரைத் தொடும் இடம் 12 அடி உயரமென்றால், அடிக்கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிற்கவேண்டும். அளவுகோல் தேவையில்லை. ஏணியின் அடியில் பாதவிரல் படும்படி நிமிர்ந்து நின்று இரு கைகளையும் நேரே நீட்டுங்கள். உள்ளங்கை படியில் பட்டால் சாய்வு சரி.

இந்தக் கணக்கை நம் ஊர்ப் பழைய கடைவீட்டில் போட்டுப் பாருங்கள். மேல்மாடி முன்னால் நீண்டு ஐந்தடி நடைபாதைக்குக் கூரையாக நிற்கிறது. ஆகவே மாடி ஜன்னலுக்கு நேர் கீழே இருப்பது கடைச் சுவரல்ல, நடைபாதை ஓரத்துத் தூண். தூணைத் தாண்டினால் என்ன? சாக்கடை! அதையும் தாண்டினால் சாலை. மூன்றடி தள்ளி வைத்த ஏணிக்கால் சாக்கடை மூடிமேலேயே உட்காரும். ஆடுகிற சிமெண்டுப் பலகையோ இரும்புக் கம்பிச் சட்டமோ ஏணிக்குத் தரை ஆகாது. மூடிக்குப் பயந்து ஏணியைக் கிட்டே இழுத்தால் செங்குத்தாகி ஆளைப் பின்னுக்குத் தள்ளும். தள்ளி வைத்தால் அடி சறுக்கும், லாரியும் உரசும். அப்படிப்பட்ட இடத்தில் ஏணியே வைக்காதீர்கள் என்பதுதான் எங்கள் கருத்து.

பின் எப்படித் துடைப்பது? முதலில் மாடிக்குப் போய் ஜன்னலைப் பாருங்கள். பழைய கடைகளிலும் பள்ளிகளிலும் நாக்கோ ஜன்னல் நிறைய உண்டு. அதன் கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துவிட்டு உள்ளிருந்தே இருபுறமும் துடைக்கலாம். தேவையானால் ஒவ்வொன்றாக உருவிக் கழுவி மறுபடி செருகலாம். உருவும்போது கீழே யாரும் நடக்காதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

உள்ளிருந்து எட்டாத கண்ணாடிக்கு நீண்ட கம்பு இருக்கிறது. கம்புக்குள் குழாய் ஓடும், நுனியில் பிரஷ் இருக்கும், உப்பு நீக்கிய சுத்தத் தண்ணீர் அதன்வழி வரும். உப்பில்லாத தண்ணீர் காய்ந்தால் கறை படியாது; ஆகவே துடைக்கவே வேண்டியதில்லை. உயரத்தில் செய்யும் வேலையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடு என்று இங்கிலாந்தில் 2005இல் விதி வந்தபின், அங்கே பலர் ஏணியை விட்டு இந்தக் கம்புக்கு மாறினார்கள். பால்மரத்தில் ஏணி போய் நீளப்பிடி உளி வந்ததே, அதேதான். கம்பும் வடிகட்டியும் விலை அதிகம் என்பது உண்மை. ஒரு மாடிக்கு, கம்பு நுனியில் ரப்பர் வழிப்பான் கட்டினாலே வேலை நடக்கும். (அந்த வழிப்பானைப் பித்தளையில் செய்து 1936இல் உரிமம் பெற்றவர் அமெரிக்காவில் ஜன்னல் துடைத்துப் பிழைத்த எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியர். நாம் சீவிய பாலுக்கு இப்படியும் ஒரு வேலை!)

கம்பிலும் ஆபத்து இல்லாமலில்லை. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். செம்பனைக் குலை வெட்டும் அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டு உயிர்போன விபத்துகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. ஏணியோ கம்போ, தூக்குமுன் மேலே பாருங்கள்.

விழுந்தபின் யார் கேட்பார்கள்?

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, அந்தத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருக்கிறதென்று தொழிலாளி சொல்லியும் முதலாளி சரிசெய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறது. வேலை போய்விடுமே என்று உங்கள் மகன் தயங்கினால் இதை அவனுக்குச் சொல்லுங்கள்.

சொக்சோ 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. வேலையில் விபத்து நேர்ந்து, விபத்து நடந்த நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பு கிடைத்தால், தினக்கூலியில் 80 விழுக்காடு என்ற கணக்கில் பணம் உண்டு. வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் இதில் சேரும். சொந்தமாகக் குத்தகை எடுத்துத் துடைப்பவருக்கென்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அவர் தம் பெயரைத் தாமே பதிந்து சந்தா கட்டவேண்டும். அன்றாடக் கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு சீட்டே இல்லாமல் ஏணி ஏறுகிறவர்தான் இரண்டிலும் விடுபட்டுப் போகிறார். சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று இன்றிரவே வீட்டில் கேளுங்கள். இல்லையென்றால் சுங்கைப் பட்டாணியில் சொக்சோ அலுவலகம் இருக்கிறது. அடையாளக் கார்டும், வேலை செய்த இடம், நாள் எழுதிய குறிப்பும் கையோடு கொண்டு போங்கள்.