மூன்று சொல் அறிக்கை

எழுபதுகளில் ஆம்ஸ்டர்டாமில் எடுத்த ஒரு கருப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்துக்குப் பின்னாலுள்ள பெரிய திறந்தவெளியில் சைக்கிள்கள் தரையில் சாய்ந்து கிடக்கின்றன. ஒவ்வொரு சைக்கிளுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் படுத்திருக்கிறார். கைகால் பரப்பி, முகம் வானத்தைப் பார்க்க, விபத்தில் செத்தவரைப்போல. சைக்கிள் ஊர்வலத்தின் ஓர் அங்கம் அது. 1977 ஜூன் 4ஆம் தேதி அந்நகரில் நடந்த ஊர்வலத்தில் ஏறத்தாழ 9,000 பேர் கலந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு அது 15,000 ஆயிற்று.

இன்று அந்த ஊரில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைக் காலை அதைவிடப் பெரிய கூட்டம் சைக்கிளில் போகிறது. முழக்கம் இல்லை, பதாகை இல்லை. முன்கூடையில் பள்ளிப்பை, பின்னிருக்கையில் குழந்தை, ஒரு கையில் குடை. ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது லட்சம் மக்கள் வாழும் நெதர்லாந்தில் சைக்கிள்கள் இரண்டு கோடியே முப்பது லட்சத்துக்குக் குறையாது. நாட்டில் நடக்கும் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில். பார்க்கிறவர்கள், இந்த மக்கள் பிறவியிலேயே இப்படித்தான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. அவர்கள் ஒருமுறை சைக்கிளை ஏறத்தாழ இழந்துவிட்டு, கேட்டுப் பெற்றவர்கள்.

போருக்குப் பிந்தைய நெதர்லாந்து சைக்கிளின் நாடாகத்தான் இருந்தது. அறுபதுகளில் கையில் காசு சேர்ந்தது, கார் வந்தது. சதுக்கங்களெல்லாம் கார் நிறுத்தும் இடங்களாயின. ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்குள் பெருவழிச் சாலைகளைக் கொண்டுவர வேண்டும், அதற்குப் பழைய குடியிருப்புகளை இடித்துக் கால்வாயையும் தூர்க்கலாம் என்று 1967இல் டேவிட் யோக்கினன் என்ற அமெரிக்கப் போக்குவரத்து வல்லுநர் ஒரு திட்டமே தந்தார். அன்றைக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றவில்லை என்பதுதான் இன்று யோசிக்க வேண்டியது. 1971இல் அந்தச் சிறிய நாட்டின் சாலைகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

கோரிக்கை எழுதும் வேலை இதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. 1965 கோடையில் புரோவோ என்ற இளைஞர் குழு ஒரு துண்டறிக்கை வெளியிட்டது. அதன் பின்னால் இருந்தவர் லூட் ஸ்கிம்மெல்பென்னிங்க். நகர நடுவில் மோட்டார் வண்டிகளைத் தடை செய்யுங்கள். ஆண்டுக்கு 20,000 சைக்கிள்கள் வாங்கி வெள்ளையடித்து, பூட்டாமல் தெருவில் விடுங்கள். தேவைப்பட்டவர் எடுத்து ஓட்டிப்போய், போன இடத்தில் விட்டுவிடட்டும். கோரிக்கை அவ்வளவுதான். காத்திருக்கப் பொறுமையில்லாத இளைஞர்கள் தாங்களே சில சைக்கிள்களுக்கு வெள்ளை பூசித் தெருவில் விட்டார்கள். சைக்கிளைப் பூட்டாமல் விடுவது விதிமீறல் என்று போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. உடனே பூட்டுப் போட்டார்கள், பூட்டைத் திறக்கும் எண்ணைச் சைக்கிள் மேலேயே எழுதினார்கள். அறுபதுகளின் இறுதியில் ஸ்கிம்மெல்பென்னிங்க் நகரமன்றத்துக்குள் போய், 2,000 சைக்கிள்களாவது தாருங்கள் என்று கணக்கு வைத்துக் கேட்டார். மன்றம் மறுத்தது.

அந்தத் துண்டறிக்கையில் இருந்தது ஒரு கனவு. கனவை மறுப்பது ஆட்சியாளர்களுக்கு எளிது. ஏழு ஆண்டுகள் கழித்து வந்த அறிக்கை கனவு காணவில்லை.

விக் லாங்கன்ஹாஃப் ஒரு பத்திரிகையாளர். அவருடைய ஆறு வயது மகள் பள்ளிக்குப் போகும் வழியில் கார் மோதி இறந்தாள். 1972இல் அவர் தாம் வேலை பார்த்த ‘டெ டைட்’ நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். பெற்றோர் ஒன்றுசேர்ந்து அரசை நெருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தலைப்பு மூன்றே சொல்: ஸ்டாப் டெ கிண்டர்மோர்ட். குழந்தைக் கொலையை நிறுத்து. அந்தத் தலைப்பே இயக்கத்தின் பெயராயிற்று.

அந்தப் பெயர் அமைந்த விதம் கவனிக்கத்தக்கது. ‘விபத்து’ என்ற சொல்லை அது தொடவில்லை. விபத்து என்றால் விதி, கவனக்குறைவு, யாருடைய பிழையும் இல்லை என்று பேச்சு போய்விடும். கொலை என்றால் செய்தவர் யார் என்ற கேள்வி வந்தே தீரும். அதோடு, பெத்லகேமில் ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொன்ற விவிலியக் கதைக்கு டச்சு மொழியில் வழங்கும் சொல்லும் இதுதான். ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போன ஒரு தலைமுறைக்கு அந்த எதிரொலி கேட்காமல் இருந்திருக்காது. கோரிக்கை அறிக்கை எழுத உட்காருகிறவர்கள் சொற்களை மழுக்குவதுதான் வழக்கம். யாரும் புண்படக் கூடாது, அதிகாரி முகம் சுளிக்கக் கூடாது என்று இழைத்து இழைத்துக் கடைசியில் மரமே மிஞ்சாது. இந்த மூன்று சொற்களை இழைக்க இடமே இல்லை.

இயக்கத்தின் முதல் தலைவி மார்ட்யே ஃபான் புட்டன், அப்போது இளம் தாய். பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். அவர்கள் செய்தவற்றைப் பார்த்தால் பெரும் பணம் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. விபத்து மிகுந்த முனைகளில் போய் நின்றார்கள். தெருவை அடைத்து மேசை போட்டு, தெருவாசிகள் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அதுவரை கார்கள் போன இடத்தில் குழந்தைகள் ஆடின. பிரதமர் யோப் டென் அய்லின் வீட்டுக்கே சைக்கிளில் போய், தெருவில் வாசிக்கும் ஆர்கன் பெட்டியை வைத்துப் பாடினார்கள். அவர் வெளியே வந்து நின்று கேட்டார். அதே 1972இல் ஆம்ஸ்டர்டாமின் டெ பைப் என்ற நெரிசலான தொழிலாளர் குடியிருப்பில் பள்ளிப் பிள்ளைகளே கையெழுத்து திரட்டினார்கள், தெருவை மறித்தார்கள். கார்க்காரர்கள் அவர்களோடு சண்டைக்கு வந்ததைத் தொலைக்காட்சி காட்டியது.

காலமும் துணை வந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி. நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் நாடு முழுவதும் கார் ஓட்டத் தடை. பெருவழிச் சாலைகளில் மக்கள் சைக்கிளும் சறுக்குச் சக்கரமும் ஓட்டினார்கள். கார் இல்லாத தெரு எப்படியிருக்கும் என்பதை அறிக்கையில் எழுதி விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் கண்ணால் கண்டுவிட்டார்கள்.

1975இல் சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் பிறந்தது. ‘உண்மையான டச்சுச் சக்கர ஓட்டிகள் சங்கம்’ என்று பெயர் வைத்தார்கள். ‘உண்மையான’ என்பதற்குக் காரணம் இருந்தது. 1883இல் சைக்கிள் ஓட்டுவோருக்காகத் தொடங்கிய ஏ.என்.டபிள்யூ.பி. என்ற பழைய சங்கம் எப்போதோ கார் உரிமையாளர் பக்கம் போய்விட்டது, பெயரில் மட்டும் சக்கர ஓட்டிகளை வைத்துக்கொண்டு. பெயர் குழப்பம் தருகிறது என்று அது எதிர்க்கவே, புதியவர்கள் ‘சக்கர ஓட்டி’யை விட்டு ‘சைக்கிள் ஓட்டி’யை எடுத்துக்கொண்டார்கள். பெயர்ச் சுருக்கத்தில் மாறியது ஓரெழுத்து. அந்தச் சங்கம்தான் இன்றைய ஃபீட்ஸர்ஸ்பாண்ட்.

அரசு கேட்டதும் கொடுத்துவிடவில்லை, சோதித்துப் பார்த்தது. எழுபதுகளின் நடுவில் டில்பர்க், ஹேக் ஆகிய இரு நகரங்களில் தனிச் சைக்கிள் பாதை ஒன்று போட்டார்கள். ஹேக்கில் கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பாதை போட்ட தெருவில் சைக்கிள் கூடியது, ஊர் முழுவதும் பார்த்தால் அவ்வளவு கூடவில்லை. ஒற்றைப் பாதை வீட்டிலிருந்து பள்ளிவரை கொண்டுபோய் விடாது என்று அப்போதுதான் விளங்கியது. எண்பதுகளில் டெல்ஃப்ட் நகரம் பாதைகளைக் கோத்து வலைபோலப் பின்னியது; அங்கே பலன் தெரிந்தது. அதே டெல்ஃப்டில் வளர்ந்த இன்னொரு முறை, வீட்டுத் தெருவில் கார் விருந்தாளியைப்போல நடைவேகத்தில்தான் போக வேண்டும் என்பது. 1976இல் அது சட்டத்தில் ஏறியது. 1993இல் சைக்கிள் பாதை அமைப்பதற்கான வடிவமைப்புக் கையேடு வெளிவந்தது. பாதை தொடர்ச்சியாக, நேராக, பாதுகாப்பாக, வசதியாக, மனத்துக்கு இதமாக இருக்க வேண்டும் என்ற ஐந்து அளவுகோல்கள் பொறியாளர்களின் பாடமாயின. தெருவில் கத்திக் கேட்டது, இருபது ஆண்டில் வரைபடம் போடுகிறவரின் மேசைக்கு வந்துவிட்டது.

வெள்ளைச் சைக்கிள் கனவும் வேறு உருவில் வந்தது. 2003இல் ஓ.வி. ஃபீட்ஸ் என்ற ரயில்நிலைய வாடகைச் சைக்கிள் தொடங்கியது. இன்று அதில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் ஓடுகின்றன. 1965இன் அறிக்கை ஓர் ஊருக்கு ஓராண்டில் கேட்ட தொகை அது. நாடு முழுவதற்குமாக வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. நீலம் மஞ்சள் நிறம், பூட்டு, அட்டை, வாடகை எல்லாம் உண்டு. இலவசம் மட்டும் இல்லை.

நிறுத்தும் இடத்தின் கதை இன்னும் வியப்பானது. 2019இல் உட்ரெக்ட் ரயில்நிலையத்தின் கீழ் 12,500 சைக்கிள்களுக்கான நிறுத்தகம் முழுமையடைந்தது. 2023 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் மைய நிலையத்தின் முன், தண்ணீருக்கு அடியில் 7,000 சைக்கிள்களுக்கு இடம் கட்டித் திறந்தார்கள். கார் வருவதற்காகக் கால்வாயைத் தூர்க்க நினைத்த ஊர், சைக்கிள் நிற்பதற்காக நீரை இறைத்து, கட்டடம் எழுப்பி, மறுபடி நீரை நிரப்பியது. 2023 டிசம்பர் 8 முதல் ஆம்ஸ்டர்டாமின் பெரும்பாலான தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் வேகம்.

இவ்வளவும் கிடைத்தபின் கோரிக்கை அறிக்கையின் மொழியே மாறிவிட்டது. இன்று சங்கம் கேட்பவை நுட்பமானவை. பாதையின் அகலம் இரண்டு மீட்டர் போதுமா, மூன்று வேண்டுமா? பாதையோரக் கல்லின் விளிம்பு செங்குத்தா, சரிவா? சைக்கிள் பாதையில் ஓடிய சிறு மொபெட்டுகளை வெளியேற்ற ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 2019 ஏப்ரல் முதல் ஆம்ஸ்டர்டாமின் வட்டச் சாலைக்குள் அவை தலைக்கவசத்தோடு கார்ச் சாலைக்குப் போய்விட்டன. பெரிய வெற்றிதான். ஆனால் அதற்காக யாரும் தரையில் படுக்கவில்லை. ஆய்வு, ஆட்சேப மனு, கூட்டம், மறுபடி ஆய்வு.

பழைய சூட்டைக் கடைசியாகக் கண்டது ரைக்ஸ்மியூசியத்தின் நடுவே போகும் வளைவு வழிக்கான போராட்டத்தில்தான் என்று சொல்லலாம். 1885இல் அருங்காட்சியகத்தைக் கட்டிய கோய்ப்பர்ஸ், தெற்கேயுள்ள புதிய குடியிருப்புகளுக்குக் கட்டடத்தின் ஊடாகவே ஒரு வாசல் விட்டிருந்தார். புதுப்பிக்கும் பணிக்காக 2003இல் அருங்காட்சியகம் மூடியது. வளைவு வழியைப் பார்வையாளருக்கே விட்டுவிட வேண்டும், சைக்கிள் கூடாது என்று நிர்வாகம் நின்றது. சைக்கிள்காரர்கள் விடவில்லை. கட்டடக் கலைஞர்களின் வரைபடமே மாற வேண்டியிருந்தது. 2013 மே 13ஆம் தேதி சைக்கிள்கள் மறுபடி அந்த வளைவுக்குள் நுழைந்தன. ஒரு நாட்டின் தலைசிறந்த ஓவியங்களுக்கு அடியில், காய்கறிப் பையோடு ஒருவர் மிதித்துப் போவது எனக்கு அழகாகவே படுகிறது.

இழந்தது என்ன என்று கேட்டால் சொல்வது கடினம். இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை அன்று ஆண்டுக்கு 400க்கு மேல், இன்று ஏறத்தாழ இருபது. இதன் எதிரில் வேறெந்தத் தட்டில் எதை வைப்பது? ஆனாலும் ஒன்று உண்டு. அன்று ஊர்வலம் போனவர் தம் பக்கத்துவீட்டுக்காரரின் குழந்தைக்காகப் போனார்; அறிக்கையைப் படிக்கத் தனி அறிவு வேண்டியதில்லை. இன்றைய அறிக்கையைச் சாலைப் பொறியியல் தெரிந்தவர்தான் முழுதாகப் படிக்க முடியும். சங்கத்துக்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள், ஊருக்கு ஊர் கிளை இருக்கிறது. ஆனால் பிரதமர் வீட்டு வாசலில் ஆர்கன் பெட்டி இல்லை.

இருக்க வேண்டிய காரணமும் திரும்பி வந்திருக்கிறது. 2017இல் முதன்முறையாகக் காரில் இறந்தவர்களைவிடச் சைக்கிளில் இறந்தவர்கள் அதிகமானார்கள். 2022இல் 291 பேர். அதற்கு முன் இப்போதைய முறையில் கணக்கெடுத்த எந்த ஆண்டிலும் அவ்வளவு இல்லை. அவர்களில் பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டியவர்கள். பாதை நன்றாக இருப்பதால் முதுமையிலும் ஓட்டுகிறார்கள். மின்சாரச் சைக்கிள் அவர்களை இன்னும் தொலைவும் வேகமும் கொண்டு போகிறது. பலர் காரே மோதாமல் விழுகிறார்கள். கல் விளிம்பில் சக்கரம் தட்டி, பாதை நடுவில் நட்ட கம்பத்தில் இடித்து, இறங்கும்போது நிலை தடுமாறி. அறிக்கையில் பேசும் அந்த மீட்டரும் விளிம்பும் இவர்களுக்கு உயிர் விஷயம். ஆனால் இந்தச் சாவைச் சொல்ல யாருக்கும் மூன்று சொல் கிடைக்கவில்லை. கொலை என்று சொல்ல முடியாது. வயதானவர், விழுந்துவிட்டார் என்று வீட்டார் சொல்கிறார்கள், அதோடு முடிந்துவிடுகிறது.

எழுபதுகளின் இறுதியில் இருபத்தைந்து வயதில் ஊர்வலம் போன ஒருவருக்கு 2022இல் எழுபது வயது. சைக்கிளில் இறந்தவர்களின் கணக்கில் அந்த வயதுக் கட்டத்துக்கு எதிரேயுள்ள எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பழைய படம் எனக்கு நினைவு வருகிறது. அன்று செத்தவர்களைப்போலத் தரையில் படுத்திருந்தவர்கள், நேரம் முடிந்ததும் எழுந்தார்கள். ஆடையைத் தட்டிக்கொண்டு, சைக்கிளை நிமிர்த்தி, வீட்டுக்கு ஓட்டிப் போனார்கள்.