கைத்தறியும் கைபேசியும்

1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியப் பொருள் பகிஷ்காரத் தீர்மானம் நிறைவேறியது. அந்நாளின் நினைவாகவே 2015 முதல் ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி தினமாக அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது. விழாக்களுக்கும் உபந்நியாசங்களுக்கும் குறைவில்லை. ஆயினும், நெய்த சேலையை வாங்குவார் யாரென்று அறியாமல், தரகர் சொன்ன விலைக்கு விற்றுவிடும் நெசவாளியின் கதி என்ன?

விளம்பரத்துக்குப் பணமில்லை என்பதே எங்கும் நாம் கேட்கும் முறையீடு. நாலைந்து பேர் கூடி நடத்தும் நெசவுக் குழு, பெரிய ஜவுளிக் கடைகளைப் போலப் பத்திரிகையில் முழுப்பக்கம் வாங்க இயலாது என்பது மெய்யே. ஆனால், 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், சேலைகளின் படத்தையும் விலையையும் காசு செலவின்றிப் பட்டியலாக வைக்கலாம். கூகுள் வரைபடத்தில் தறிக்கூடம் இருக்குமிடத்தை இலவசமாகப் பதியலாம். 2016இல் தொடங்கிய யூபிஐ வழியே வெளியூராரிடமிருந்தும் உடனே பணம் பெறலாம். பகல் வெளிச்சத்தில் எடுத்த நல்ல படம், நூலின் தரம், நெய்யப் பிடித்த நாட்கள், ஒளிவில்லாத விலை இவை நான்கும் இருந்தால் அதுவே போதிய விளம்பரம்.

இங்கே ஓர் எச்சரிக்கை செய்வது நம் கடமை. இவை பிறர் திண்ணையில் விரித்த கடைகள். 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. தடையின் நியாயம் வேறு விஷயம். அதை மட்டுமே நம்பிச் சரக்கு விற்றோர் தம் வாடிக்கைக்காரரை ஒரே நாளில் இழந்தனர். 2021 அக்டோபர் 4ஆம் தேதி வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின.

ஆகவே, வாங்குவோரின் பெயர், ஊர், தொலைபேசி எண், வாங்கிய சரக்கு ஆகியவற்றை அவர்கள் சம்மதத்துடன் சொந்தப் பேரேட்டில் எழுதி வைக்கவேண்டும். விற்கும் ஒவ்வொரு சேலையிலும் குழுவின் பெயரும் எண்ணும் அச்சிட்ட சீட்டு ஒன்று இருக்கவேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு மாதம் முன்னதாகப் புதுச் சரக்கின் செய்தியை அவர்களுக்கு அனுப்பவேண்டும். செயலி போனாலும் பேரேடு போகாது.

அக்காலத்தில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர் தேசத் தொண்டர்கள். இன்று மேடையில் சுதேசி பேசும் அன்பர்கள் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைத் தறிக்கூடத்தில் செலவிட்டு, இவ்வேலையை நெசவாளிக்குக் கற்றுக் கொடுப்பார்களா? அதுவே கைத்தறி தினத்தை மெய்யாக அனுஷ்டிப்பதாகும் என்பது நமது அபிப்பிராயம்.