கடல்மீன் தொட்டியைக் கைமாற்றும் முன்



வேண்டாத பொருளானாலும் குப்பையில் எறிய நம்மவர்களுக்கு மனம் வராது. "யாருக்காவது உதவுமே" என்று எடுத்து வைப்பார்கள். சாலாக் செலாத்தான் போன்ற இடங்களில், அடுக்குமாடி வீடுகளில் ஆசை ஆசையாய் வாங்கி வைத்த கடல்மீன் தொட்டிகளும் இப்படித்தான் கைமாறுகின்றன. மீன் செத்துப்போகும்; அல்லது மின்கட்டணம் கையைக் கடிக்கும். பிறகு அந்தத் தொட்டி தோட்டத்து உறவினர் வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்ச் சேரும். நல்ல காரியம்தான். ஆனால் நன்னீர்த் தொட்டியைக் கழுவுவதுபோல் இதையும் கழுவிக் கொடுத்துவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். மீதியிருக்கும் மீனைக் கடைக்காரரிடமே சேர்த்துவிடுங்கள். ஆற்றில் விடுவது புண்ணியம் ஆகாது. கடல்மீன் ஆற்று நீரில் செத்துப்போகும். நன்னீர் மீனென்றால் வேறு வினை. கிள்ளான் ஆற்றில் பெருகிக் கிடக்கும் 'ஈக்கான் பண்டாராயா' தென்னமெரிக்க மீன். தொட்டிப் பாசியைத் தின்னட்டும் என்று வாங்கப்பட்டு, பிறகு ஆற்றில் விடப்பட்ட இனம்.

அடுத்தது கல். இங்கேதான் உயிருக்கே ஆபத்து. பவளக் கல்லின்மேல் பொத்தான் அளவில் பூப்போல் விரிந்திருக்கும் உயிர்களைப் பார்த்திருப்பீர்கள். 'சோவாந்திட்' என்பார்கள். அவற்றுள் சில இனங்களில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத் தனியே பிரித்தெடுத்து அறிவித்தார்கள். நம் வீடுகளில் அழுக்கென்றால் உடனே வெந்நீர்தான். அந்தப் பழக்கமே இங்கு எமனாகிவிடும். கல்லைக் கொதிக்க வைத்தாலும், வெந்நீர் ஊற்றினாலும், தூரிகையால் அழுத்தித் தேய்த்தாலும் நஞ்சு ஆவியிலும் நீர்த்துளியிலும் கலந்து மூச்சில் ஏறிவிடும். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், கண்ணெரிச்சல் காணும். 2018இல் இங்கிலாந்தின் ஸ்டீவென்டன் கிராமத்தில், பவளத்தைத் தொட்டியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்யப்போய், ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போனது. உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் சிகிச்சை பெற வேண்டியதாயிற்று. ஆகவே உயிருள்ள கல்லில் கைவைக்காமல், ஈரத்தோடு கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். எடுக்கும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்பும் வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது.

இனி தண்ணீர். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 255 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் மொத்தம் 9 கிலோ! இதைக் கீரைப் பாத்தியிலோ பூச்செடியிலோ ஊற்றினால் செடி கருகிவிடும். கழிவறையில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மணலை மறுபடி பயன்படுத்தாமல் எறிந்துவிடுவதே நல்லது.

கண்ணாடியில் படிந்த வெள்ளைப் பொருக்கு சுண்ணாம்பும் உப்பும்தான். வினிகரில் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒட்டிவைத்தால் இளகிவிடும். பிளேடால் சுரண்டும்போது மூலைகளிலுள்ள சிலிகோன் பசையைத் தொடாதீர்கள். கிருமி போக, வினிகரை நன்றாக அலசிய பிறகு, 20 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு குளோராக்ஸ் கலந்து 15 நிமிடம் வையுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் இல்லாத குளியலறையில் அதைச் சுவாசித்தால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா? சவர்க்காரமும் பாத்திரம் கழுவும் திரவமும் அறவே கூடாது. பலமுறை அலசி, மீன் கடையில் விற்கும் குளோரின் முறிப்பானைத் தண்ணீரில் கலந்து ஒருமுறை ஊற வைத்து, வெயிலில் உலர்த்துங்கள்.

வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போட்டிருந்தால், அது கல்லிலும் மணலிலும் ஏறித் தங்கிவிடும். தொட்டியிலும் சிறிது இருக்கக்கூடும். மீன் பிழைத்துக்கொள்ளும், இறாலும் நத்தையும் பவளமும் பிழைக்கா. மருந்தின் பெயரையும் போட்ட ஆண்டையும் ஒரு தாளில் எழுதித் தொட்டியோடு கொடுத்துவிடுங்கள்.

கொடுப்பதற்கு முந்தின நாள், சமமான தரையில் பழைய நாளிதழைப் பரப்பி, அதன்மேல் தொட்டியை வைத்து, தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். எங்காவது கசிந்தால் தாளே காட்டிக்கொடுத்துவிடும்.