நூற்றைத் தாண்டிய உழவர் பாட்டி

நூறு வயதுக்குப் பிறகும் வயலில் இறங்கி வேலை பார்க்க முடியுமா? பார்த்துக் காட்டியிருக்கிறார் ஒரு பாட்டி!

இங்கே கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைவிக்கும் நம் அம்மாக்களைப் போலவே மண்ணை நம்பி வாழ்ந்தவர், மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். ஊரில் கடை நடத்தி, அந்த வருமானத்தில் நிலம் வாங்கினார். இயற்கை முறையில் வாழையும் பயறும் விளைவித்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தபோது, அவர் வயது நூற்றைக் கடந்திருந்தது! 2024-இல் மறையும்வரை உழவர்களுக்கெல்லாம் பெருமை சேர்த்தார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பாட்டி இருக்கிறாரா? இன்றைக்கே போய் அவரைக் கும்பிட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்!