புதிய கருவியானாலும் சோதித்தே செருகுவோம்

வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், மாணவர் விவரம், வங்கிக் கணக்கு, குடும்பப் புகைப்படம் என எல்லாம் இன்று ஆசிரியரின் வீட்டுக் கணினி ஒன்றிலேயே இருக்கின்றன. இணையத்தில் வரும் ஆபத்துகளைப் பற்றி நாம் ஓரளவு அறிந்திருக்கிறோம். கணினியில் செருகும் கருவிகள் வழியாகவும் வைரஸ் போன்ற தீநிரல்கள் நுழைய முடியும் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

பென் டிரைவ் மட்டும்தானா?

இல்லை. கேமரா, மெமரி கார்டு, பாட்டுக் கருவி, கைப்பேசி என நினைவகம் உள்ள எந்தக் கருவியும் கணினியைப் பொறுத்தவரை ஒரு சேமிப்பகமே. அதில் கோப்பை எழுத முடியும் என்றால் தீநிரலையும் எழுத முடியும்.

கடையில் வாங்கிப் புதிதாகப் பிரித்த பொருள் சுத்தமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் சில முறை பொய்த்திருக்கிறது. 2006இல் ஆப்பிள் நிறுவனத்தின் வீடியோ ஐபாடுகளில் ஒரு சிறு பகுதி விண்டோஸ் வைரஸுடன் விற்பனைக்கு வந்தது. தயாரிப்பு இடத்தில் இருந்த ஒரு கணினியிலிருந்து அது தொற்றியிருந்தது. 2008இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட சில டிஜிட்டல் புகைப்படச் சட்டங்களிலும் வைரஸ் காணப்பட்டது. 2010இல் எனர்ஜைசர் நிறுவனத்தின் யூ.எஸ்.பி. பேட்டரி சார்ஜருக்கான கணினி மென்பொருளில், வெளியாள் கணினிக்குள் நுழைய வழிசெய்யும் நிரல் ஒன்று கண்டறியப்பட்டது.

தைவானில் 2017இல் நடந்தது இன்னும் வியப்பானது. இணையப் பாதுகாப்பு குறித்த வினாடி வினாவில் வென்றவர்களுக்குக் காவல்துறை 250 பென் டிரைவ்களைப் பரிசளித்தது. அவற்றில் 54இல் தீநிரல் இருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. அவற்றைச் சோதிக்கப் பயன்பட்ட ஒரு கணினியிலிருந்து பரவியது.

எப்படி நுழைகிறது?

முன்பு பென் டிரைவைச் செருகியவுடன் அதிலுள்ள நிரல் தானாகவே இயங்கும் வசதி விண்டோஸில் இருந்தது. தீநிரல்கள் அதைப் பயன்படுத்திப் பரவின. விண்டோஸ் 7 முதல் அந்த வசதி பென் டிரைவ்களுக்கு நிறுத்தப்பட்டது. எனவே இப்போதைய தீநிரல்களில் பல, நம்மையே சொடுக்க வைக்க முயல்கின்றன. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக, அதாவது ஷார்ட்கட்களாக, மாறியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். உண்மையான கோப்புறைகள் பெரும்பாலும் உள்ளேயே மறைக்கப்பட்டிருக்கும். குறுக்குவழியைச் சொடுக்கினால் கோப்புறையும் திறக்கும். பின்னால் தீநிரலும் இயங்கிவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. பென் டிரைவ் போலத் தோன்றும் கருவி, தன்னை ஒரு விசைப்பலகை என்று கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொண்டு கட்டளைகளைத் தானே தட்டச்சு செய்யும். 2014இல் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினர். இதில் கோப்பு எதுவும் தேவையில்லை என்பதால் வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு இது எளிதில் சிக்குவதில்லை. கீழே கிடந்த பென் டிரைவைச் செருகிப் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான்.

நாம் செய்ய வேண்டியவை

1. கருவியைச் செருகியதும் திறக்க வேண்டாம். அதன் மேல் வலது சொடுக்கு செய்து, வைரஸ் தடுப்பு மென்பொருளால் முதலில் சோதியுங்கள். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரிலேயே இந்த வசதி உண்டு.

2. செட்டிங்ஸில் 'ஆட்டோபிளே' வசதியை நிறுத்திவிடுங்கள்.

3. கோப்புப் பெயரின் கடைசிப் பகுதி தெரியுமாறு 'வியூ' பட்டியலில் மாற்றிக்கொள்ளுங்கள். படம் அல்லது கோப்புறை போன்ற குறியுடன் இருந்தாலும் பெயர் 'இ.எக்ஸ்.இ.' என்று முடிந்தால் அது ஒரு நிரல். சொடுக்காதீர்கள்.

4. அச்சிடுவதற்கென்று தனியாக ஒரு பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட வேண்டிய பி.டி.எஃப். மட்டும் அதில் இருக்கட்டும். மற்ற வினாத்தாள்களும் மாணவர் விவரங்களும் அதில் வேண்டாம்.

5. கைப்பேசி, விளக்கு, சிறு மின்விசிறி ஆகியவற்றுக்குக் கணினியிலிருந்து மின்சாரம் எடுக்காமல், சுவரில் செருகும் அடாப்டரைப் பயன்படுத்துங்கள்.

6. இயங்குதளத்தை அவ்வப்போது புதுப்பியுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

7. முக்கியக் கோப்புகளின் நகலைத் தனி வட்டில் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருக்கும் நகலையும் தீநிரல் அழித்துவிடும்.

மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' இணையதளத்திலும் தீநிரல் நீக்கும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன.

தொற்றிவிட்டதாகத் தோன்றினால்

முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். அந்தப் பென் டிரைவைப் பள்ளிக் கணினியில் செருகிப் பார்க்க வேண்டாம். ஒரு கணினியின் சிக்கல் ஆய்வகம் முழுவதற்கும் பரவும். முழுச் சோதனை செய்யுங்கள். கடவுச்சொற்களைப் பாதிக்கப்படாத வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

வகுப்பறையில்

கணினி ஆய்வகத்தில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். பாடக் கோப்புகள் உள்ள பென் டிரைவைச் செருகி, சோதித்து, கோப்புப் பெயர்களின் முடிவைப் படித்து, முறையாக வெளியேற்றும் வரை மாணவர்களையே செய்யச் சொல்லுங்கள். பல வீடுகளில் கணினியை அதிகம் கையாள்பவர்கள் அவர்கள்தாம். இங்கே பழகியதை வீட்டில் பெற்றோருக்கும் அவர்கள் சொல்லித் தருவார்கள்.