படிப்பை விட்டுட்டுத்தான் ஊழியத்துக்கு வரணுமா?

"அண்ணா, இன்ஜினியரிங் படிச்சது வீணா? வேலையை விட்டாத்தான் ஊழியமா?"ன்னு நிறைய பேர் கேட்கிறீங்க. பகல்ல கோடிங், ராத்திரி பாட்காஸ்ட்னு ஓடுற எனக்கும் இதே கேள்வி உண்டு. இதுக்கு நம்ம கடற்கரையிலேயே ஒரு பதில் இருக்கு.

மண்டபத்துக்குப் பக்கத்துல வேதாளை. 1549-ல் அங்கே அந்தோனி கிரிமினாலி என்ற இயேசு சபை குரு கொல்லப்பட்டார். அவருக்குப் பிறகு இந்தக் கரையின் பொறுப்பு ஹென்றிக்கஸ் அடிகளாரிடம் வந்தது. போர்த்துக்கல்லில் கோயிம்ப்ராவில் படித்தவர்.

அந்தக் காலத்துல குருமார் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் போதித்தார்கள். இவர் ஒண்ணு சொல்ல, மக்களுக்கு வேற ஒண்ணு போய்ச் சேரலாம். ஹென்றிக்கஸ் தமிழைத் தானே கற்றார். அதோட நிறுத்தலை. லத்தீன் இலக்கணம் படித்த பழக்கத்தில் வேற்றுமை, வினை எல்லாம் பிரித்து, தமிழுக்குப் போர்த்துகீசியத்தில் ஒரு இலக்கணம் எழுதினார். நம்ம பாஷையில் சொன்னா, டாக்குமென்டேஷன். அடுத்து வர்றவர் முதல்லேருந்து தடுமாற வேண்டாம்.

1578-ல் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சானது. இந்திய மொழி ஒன்றில், அதன் சொந்த எழுத்தில், இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அது. கடற்கரைப் பரதவர்கள் அச்சுக்குப் பணம் கொடுத்து உதவினார்கள்.

கல்லூரியில் கற்ற இலக்கணம்தான் இங்கே அவருக்குக் கருவி ஆச்சு. அதனால உங்க சபையில, உங்க ஊர்ல எந்த வேலை ஒரே ஆளை நம்பி நிக்குதுன்னு பாருங்க. உங்க படிப்பு அங்கே உதவுமா? அங்கேருந்தே தொடங்குங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.